மெஷின் ‘அப்ரூவ்டு’ என்றால் பணம் வந்துவிட்டதா? சிறு வியாபாரிக்கான கார்டு வசூல் வழிமுறை

மெஷினில் ‘அப்ரூவ்டு’ என்று வந்ததும் பொருளைக் கொடுத்துவிடுகிறோம். ஆனால் அந்த நொடியில் உங்களுக்குக் கிடைத்தது பணம் அல்ல, பணம் தருவதாக வாடிக்கையாளரின் வங்கி சொன்ன ஒப்புதல் மட்டுமே. பணம் உங்கள் கணக்குக்கு வருவது அதற்குப் பிறகு. வந்த பணத்தை வாடிக்கையாளர் தன் வங்கியில் புகார் செய்து திரும்பப் பெறும் வழியும் (இதைத்தான் கீழே ‘தகராறு’ என்கிறோம்) பல மாதங்கள் திறந்தே இருக்கும். எந்த மெஷின் வாங்குவது, எந்தத் திட்டத்தில் சேருவது, கல்லாவில் எப்படி நடந்துகொள்வது என்ற எல்லா முடிவையும் இதை மனத்தில் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு கார்டு விற்பனையில் நான்கு பேர் இருக்கிறார்கள்: கார்டு கொடுத்த வங்கி, விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க், உங்களுக்காகப் பணத்தை வசூலித்துத் தரும் வங்கி அல்லது சேவை நிறுவனம், நீங்கள். உங்களிடம் பிடிக்கும் கட்டணம் மற்ற மூவருக்கும் பிரிந்து போகிறது. பெரும்பாலும் பெரிய பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கு, சிறிய பங்கு நெட்வொர்க்குக்கு. மீதிதான் உங்கள் சேவை நிறுவனத்தின் லாபம். நீங்கள் பேரம் பேச முடிந்தது இந்த மீதியில் மட்டும்தான். முதல் இரண்டையும் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தத் தொகையை வேறு எந்த வரியில் பிடிக்கிறார் என்று பாருங்கள்.

சேரும் வழி இரண்டு

முதல் வழி, வங்கியில் உங்கள் பெயரிலேயே வணிகர் கணக்கு திறப்பது. ஆவணங்கள் அதிகம், அனுமதி வர நாளாகும், மாதக் கட்டணமும் இருக்கலாம். ஆனால் உங்கள் தொழில் என்ன, எவ்வளவு விற்பீர்கள் என்பதை வங்கி முன்கூட்டியே பார்த்துவிடுவதால், பிறகு திடீரென்று கணக்கை முடக்குவது குறைவு.

இரண்டாம் வழி, பல்லாயிரம் சிறு வியாபாரிகளைத் தன் பெரிய கணக்கின் கீழ் சேர்த்துக்கொள்ளும் சேவை நிறுவனம். அன்றே சேரலாம், மாதக் கட்டணம் பெரும்பாலும் இருக்காது. சரிபார்ப்பு முன்னால் நடக்காததால் பின்னால் நடக்கும். சராசரி பில் 200 ஆக இருக்கும் கடையில் ஒரு நாள் 20,000க்கு ஒரு விற்பனை விழுந்தால், விளக்கம் கேட்டுப் பணத்தை நிறுத்திவைப்பார்கள். பெரிய ஆர்டர் வரப்போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே அவர்களுக்கு எழுதிவிடுங்கள். பில், ஆர்டர் விவரம் இரண்டையும் தயாராக வைத்திருங்கள். இந்த ஒரு மின்னஞ்சல் பல நாள் அலைச்சலை மிச்சமாக்கும்.

எந்த வழியானாலும் விண்ணப்பத்தில் உங்கள் தொழிலுக்கு நான்கு இலக்க வகைக் குறியீடு ஒன்று ஒதுக்குவார்கள். அது சரியா என்று கேட்டுப் பாருங்கள். தவறான குறியீட்டால் கட்டணம் கூடலாம், சில கார்டுகள் மறுக்கப்படலாம். தொழிலை மாற்றிச் சொல்லிக் கணக்கு திறப்பது ஒப்பந்த மீறல். கண்டுபிடித்தால் கணக்கை மூடுவதோடு, மற்ற வங்கிகளும் பார்க்கும் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் சேரும். மாஸ்டர்கார்டு நடத்தும் ‘மேட்ச்’ பட்டியல் அப்படிப்பட்டது. அதில் ஒருமுறை பெயர் விழுந்தால் ஐந்து ஆண்டுகள் இருக்கும்.

கட்டணக் கணக்கு

விளம்பரத்தில் உள்ள சதவீதத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மூன்று எண்களைக் கேளுங்கள்: சதவீதம், ஒவ்வொரு விற்பனைக்கும் நிலையான தொகை, மாதத்துக்கு நிலையான தொகை. பிறகு உங்கள் சராசரி பில் எவ்வளவு என்று பாருங்கள். சிறு கடைக்கு மொத்த வசூலைவிட முக்கியமான எண் இதுதான்.

ஒரு கணக்கு போடுவோம். எந்த நாணயமானாலும் விகிதம் ஒன்றே. மாதக் கார்டு வசூல் 40,000, சராசரி பில் 200, ஆக 200 பில்கள். முதல் திட்டம்: 2.5 சதவீதம், வேறு எதுவும் இல்லை. கட்டணம் 1,000. இரண்டாம் திட்டம்: 1.5 சதவீதம், பில்லுக்கு 1, மாதத்துக்கு 300. கட்டணம் 600 + 200 + 300 = 1,100. சதவீதம் குறைவான திட்டமே அதிகம் பிடிக்கிறது. வசூல் 60,000ஐத் தொட்டால் இரண்டும் சமம், அதற்கு மேல் போனால் இரண்டாம் திட்டம் லாபம். சராசரி பில் 50 ஆகக் குறைந்தால் கதையே வேறு. பில்லுக்கு 1 என்பது தனியாகவே 2 சதவீதம் ஆகிவிடும், எவ்வளவு விற்றாலும் இரண்டாம் திட்டம் கட்டாது. 20க்குப் போடும் பில்லில் அதே 1 என்பது 5 சதவீதம்.

சேர்ந்த பிறகும் மாதம் ஒருமுறை இந்தக் கணக்கைப் போடுங்கள்: அந்த மாதம் பிடித்த எல்லாவற்றையும் கூட்டி, கார்டு விற்பனை மொத்தத்தால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். வருவதுதான் உங்கள் உண்மையான கட்டண விகிதம். அது மெல்ல ஏறிக்கொண்டே போனால், அறிக்கையில் புது வரி ஏதோ நுழைந்திருக்கிறது என்று பொருள்.

ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை: குறைந்தபட்ச மாதக் கட்டணம், மெஷின் வாடகையும் அதன் கால அளவும், முன்கூட்டி விலகினால் அபராதம், ஒவ்வொரு தகராறுக்கும் பிடிக்கும் தொகை, ரீஃபண்ட் செய்தால் முதலில் பிடித்த கட்டணம் திரும்புமா, பணம் எத்தனை நாளில் வரும், வசூலில் ஒரு பகுதியைப் பாதுகாப்புக்கென்று பிடித்துவைப்பார்களா. மெஷின் குத்தகை ஒப்பந்தத்தில் குறிப்பாக எச்சரிக்கை வேண்டும். சேவையை நிறுத்தினாலும் குத்தகை தனியாக ஓடிக்கொண்டிருக்கும், சில ஆண்டுகளில் மெஷின் விலையைப் பலமடங்கு கட்டியிருப்பீர்கள். விலைக்கு வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். ஆனால் வேறு நிறுவனத்துக்கு மாறினால் அந்த மெஷின் அங்கே வேலை செய்யுமா என்றும் கேளுங்கள், பல மெஷின்கள் செய்யாது.

கார்டுக்குக் கூடுதல் கட்டணம் வசூலிப்பதும், இவ்வளவுக்குக் கீழே கார்டு வாங்க மாட்டேன் என்பதும் சில இடங்களில் தடை, சில இடங்களில் நிபந்தனையோடு அனுமதி. உங்கள் ஊர்ச் சட்டம், ஒப்பந்தம் இரண்டையும் பார்க்காமல் கடை வாசலில் அறிவிப்பு ஒட்டாதீர்கள்.

மெஷின்

மூன்று வகை. போனோடு புளூடூத்தில் இணையும் சின்ன ரீடர், தனியாக இயங்கும் முழு மெஷின், போனையே மெஷினாக்கும் செயலி. நாளுக்கு நாலைந்து விற்பனை என்றால், வெளியே போய் வேலை செய்பவர் என்றால், ரீடரோ செயலியோ போதும். கல்லாவில் வரிசை நிற்கும் என்றால் முழு மெஷின்தான் சரி. புளூடூத் துண்டிப்பு, போனில் வரும் அழைப்பு, தீர்ந்த பேட்டரி எல்லாம் சரியாகக் கூட்ட நேரத்தில்தான் காலை வாரும். செயலி வழி, கார்டைத் தொட்டு வாங்குவதற்கு மட்டும்தான். சிப்பைச் செருக வழியில்லை. தொடும் வசதி இல்லாத கார்டு வந்தால் கைவிரிக்க வேண்டும்.

இணைப்புக்கு இரண்டு பாதை வேண்டும். வைஃபை ஒன்று, சிம் ஒன்று. வைஃபையும் சிம்மும் ஒரே தொலைத்தொடர்பு நிறுவனத்துடையதாக இருந்தால் இரண்டும் ஒன்றாக விழும், வேறுவேறாக வையுங்கள். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபையில் மெஷினை இணைக்காதீர்கள்.

பேப்பர் ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையடக்க மெஷின்கள் பெரும்பாலும் 57 மில்லிமீட்டர் அகல வெப்பத்தாளைக் கேட்கும். சுருளின் பருமன் மெஷினுக்கு மெஷின் மாறும், பெரிய சுருள் வாங்கினால் மூடி மூடாது. ரசீது வெள்ளையாக வந்தால் பெரும்பாலும் மெஷினில் கோளாறு இல்லை, சுருளைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். தாளை நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழும் பக்கம்தான் அச்சாகும் பக்கம். இந்த அச்சு வெயிலிலும் சூட்டிலும் பிளாஸ்டிக் உறைக்குள்ளும் மங்கிப்போகும். முக்கியமான ரசீதை அன்றே படமெடுத்து வையுங்கள். தகராறு வரும்போது கையில் வெற்றுத் தாள் இருந்து பயனில்லை.

திறப்பதற்கு முன் ஒத்திகை

உறவினர் அல்லது நண்பரின் கார்டில் சிறு தொகைக்கு ஒரு உண்மையான விற்பனை போடுங்கள். உங்கள் கார்டையே உங்கள் மெஷினில் திரும்பத் திரும்பத் தேய்த்தால், கடன் பணத்தைச் சுற்றிவிடுகிறீர்கள் என்று சந்தேகித்துக் கணக்கை முடக்குவார்கள். பிறகு இன்னொரு விற்பனை போட்டு அதை ரத்து செய்யுங்கள். நாள் முடிவில் மெஷினில் அன்றைய விற்பனைக் கணக்கை மூடுங்கள், மூடினால்தான் அந்த நாள் வசூல் வங்கிக்குப் போகும். மறுநாள் மூன்றாவதாக ஒன்று போட்டு, அந்த நாள் கணக்கையும் மூடிய பிறகு அதை ரீஃபண்ட் செய்யுங்கள். பணம் எத்தனை நாளில் வந்தது, எவ்வளவு பிடித்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த நண்பரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வங்கி அறிக்கையில் என்ன பெயர் வந்திருக்கிறது? கடைப் பலகையில் ஒரு பெயர், பதிவில் உரிமையாளர் பெயர் என்று இருந்தால், ஒரு மாதம் கழித்துப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு அது யாரோ முன்பின் தெரியாதவர். ‘இதை நான் வாங்கவேயில்லை’ என்று வங்கியில் புகார் கொடுத்துவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு நினைவில்லை. சேவை நிறுவனத்திடம் சொல்லி அந்தப் பெயரைக் கடைப் பெயராக மாற்றுங்கள். காசு செலவில்லாமல் தகராறுகளைக் குறைக்கும் வழி இதைவிட வேறில்லை.

கல்லாவில்

தொகையை அழுத்தி, வாயால் சொல்லி, திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்புங்கள். கார்டை அவரே தொடட்டும், அவரே செருகட்டும். பின் எண்ணைக் கேட்காதீர்கள், அவர் சொன்னாலும் நீங்கள் அழுத்தாதீர்கள். பர்ஸோடு சேர்த்துத் தொட்டால் உள்ளே இருக்கும் இரண்டு கார்டுகள் ஒன்றையொன்று குழப்பும், ஒன்றை மட்டும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

தொடுவதும் சிப்பைச் செருகுவதும் பாதுகாப்பானவை, ஏனென்றால் சிப் ஒவ்வொரு விற்பனைக்கும் புதிய ரகசியக் குறியீட்டை உருவாக்கும். காந்தப் பட்டையில் இருப்பது மாறாத தகவல், எளிதில் நகலெடுக்கலாம். சிப்பைச் சேதப்படுத்திவிட்டு, ‘சிப் வேலை செய்யாது, தேய்த்துவிடுங்கள்’ என்பது பழைய மோசடி. வேறு கார்டு கேளுங்கள். பட்டையே மெல்ல விடைபெறுகிறது: 2033க்குள் தன் கிரெடிட், டெபிட் கார்டுகள் எதிலும் காந்தப் பட்டை இருக்காது என்று மாஸ்டர்கார்டு 2021இல் அறிவித்தது.

மறுப்பு வந்தால் திரையில் உள்ள எண்ணைப் பாருங்கள். 51 என்றால் இருப்புப் போதாது. 54 காலாவதி. 55 தவறான பின் எண், 75 தவறான பின் பலமுறை அழுத்தியாகிவிட்டது. 91 என்றால் கார்டு கொடுத்த வங்கி பதில் சொல்லவில்லை, சற்றுப் பொறுத்து மீண்டும் முயலலாம். 05 என்பது வங்கி காரணம் சொல்லாமல் மறுத்தது, வாடிக்கையாளர்தான் தன் வங்கியிடம் கேட்க வேண்டும். 41 தொலைந்த கார்டு, 43 திருடப்பட்ட கார்டு. கார்டைப் பிடுங்கவோ வாக்குவாதம் செய்யவோ வேண்டாம், வேறு வழியில் பணம் தரச் சொல்லுங்கள். எந்த மறுப்பாக இருந்தாலும் நாலு பேர் முன்னால் காரணத்தைச் சொல்லாதீர்கள். ‘இந்தக் கார்டு போகவில்லை, வேறு இருக்கிறதா?’ என்றால் போதும்.

அடிக்கடி தலைவலி தருவது இன்னொன்று. பாதியில் இணைப்பு அறுந்து மெஷின் ‘டைம் அவுட்’ என்கிறது, வாடிக்கையாளர் போனில் பணம் பிடித்ததாகச் செய்தி வந்திருக்கிறது. உடனே மறுபடி தேய்க்காதீர்கள். மெஷினிலோ செயலியிலோ விற்பனைப் பட்டியலைத் திறந்து கடைசி வரியைப் பாருங்கள். அங்கே வெற்றி என்று இருந்தால் ரசீதை மறுபடி அச்சடித்துக் கொடுங்கள். இல்லையென்றால் பணம் உங்களுக்கு வரவில்லை. அவர் வங்கி அந்தத் தொகையை ஒதுக்கிவைத்திருக்கிறது, சில நாளில் விடுவிக்கும். உங்களிடம் வராத பணத்தை நீங்கள் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதைப் பொறுமையாகச் சொல்லி, நேரம், தொகை, கார்டின் கடைசி நான்கு எண் மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர் காட்டும் போன் செய்தியை மட்டும் நம்பிப் பொருளைக் கொடுக்கக் கூடாது. போலிச் செய்தி தயாரிப்பது ஒரு நிமிட வேலை.

இணைப்பு இல்லாதபோது விற்பனையைச் சேமித்துவைத்துப் பிறகு அனுப்பும் வசதி சில மெஷின்களில் உண்டு. பிறகு வங்கி மறுத்தால் நஷ்டம் முழுக்க உங்களுடையது. தெரிந்த வாடிக்கையாளருக்கு, சிறு தொகைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

நேரில் வராத வாடிக்கையாளர்

போனில் கார்டு எண்ணைக் கேட்டு மெஷினில் தட்டுவதைத் தவிருங்கள். கட்டணமும் அதிகம், கார்டுக்காரர் ‘நான் இல்லை’ என்றால் பெரும்பாலும் நீங்கள்தான் தோற்பீர்கள். அதற்குப் பதில் பணம் கட்டும் இணைப்பை அனுப்புங்கள். அதில் ஓடிபி அல்லது வங்கிச் செயலி வழியாக உறுதிசெய்யும் 3டி செக்யூர் முறை இருந்தால், திருட்டுக் கார்டுப் பொறுப்பு பொதுவாகக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும். ஆனால் ‘பொருள் வரவில்லை’, ‘சொன்னது ஒன்று வந்தது ஒன்று’ என்ற புகார்களுக்கு அது காப்பு அல்ல.

முகம் பார்க்காத ஆர்டரில் இந்த அடையாளங்கள் தெரிந்தால் நிறுத்துங்கள்: விலையே கேட்காமல் பெரிய ஆர்டர், ஒன்றன்பின் ஒன்றாகப் பல கார்டுகள், ‘கூடுதலாக அனுப்புகிறேன், மீதியை லாரிக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள்’ என்ற பேச்சு. அந்த லாரிக்காரரும் அவர்தான். கார்டுப் பணம் திரும்பிப் போகும், நீங்கள் ரொக்கமாக அனுப்பியது திரும்பாது.

கடைக்குள் நடக்கும் மோசடியும் உண்டு. மறுப்பு வந்ததும் ‘வங்கியில் பேசுங்கள்’ என்று தன் போனைக் கொடுப்பார். மறுமுனையில் ஒரு குரல் ஒப்புதல் எண் சொல்லும், அதை மெஷினில் வலுக்கட்டாயமாக ஏற்றினால் ரசீது வரும், பணம் நிற்காது. வாடிக்கையாளர் கொடுக்கும் எண்ணில் ஒருபோதும் பேசாதீர்கள். அடுத்தது, மெஷினைக் கையில் வாங்கி ரீஃபண்ட் பக்கத்துக்குப் போய்த் தன் கார்டுக்கே பணம் அனுப்பிக்கொள்வது. மெஷின் வரும்போதே அதில் இருக்கும் மேலாளர் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றாததால்தான் இது நடக்கிறது. சொல்லாமல் வந்து மெஷினை மாற்றித் தருகிறேன் என்பவரைச் சேவை நிறுவனத்துக்கு நீங்களே அழைத்து உறுதிசெய்த பிறகே உள்ளே விடுங்கள். மெஷினின் வரிசை எண்ணைக் குறித்து, நான்கு பக்கமும் படமெடுத்து வையுங்கள். காலையில் திறக்கும்போது ஒரு பார்வை: விசைப்பலகை தடித்திருக்கிறதா, கார்டு நுழையும் வாயில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா, முத்திரை கிழிந்திருக்கிறதா.

கார்டுத் தகவல்

நெட்வொர்க்குகள் சேர்ந்து வகுத்த பிசிஐ டிஎஸ்எஸ் என்ற பாதுகாப்பு விதி, ஒரே ஒரு கார்டு வாங்கும் கடைக்கும் பொருந்தும். அங்கீகரித்த மெஷினை மட்டும் பயன்படுத்தி, எண்ணை எங்கும் எழுதாமல் இருந்தால் உங்கள் வேலை மிகக் குறைவு, பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு கேள்வித்தாளோடு முடியும். கார்டைப் படமெடுக்காதீர்கள், நோட்டில் எழுதாதீர்கள், அரட்டைச் செயலியில் வாங்காதீர்கள். பின்பக்க மூன்று எண்ணை, அமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) கார்டில் முன்பக்க நான்கு எண்ணை, விற்பனை முடிந்த பிறகு எந்த வடிவிலும் வைத்திருக்கக் கூடாது. யாராவது தாமாகவே கார்டு எண்ணைச் செய்தியில் அனுப்பிவிட்டால் அழித்துவிட்டு, புதிய செய்தியில் பணம் கட்டும் இணைப்பை அனுப்புங்கள்.

பணம் திருப்புவதும் தகராறும்

அன்றைய கணக்கை மூடுவதற்கு முன் என்றால் ‘வாய்ட்’ (ரத்து), மூடிய பின் என்றால் ‘ரீஃபண்ட்’. வாய்ட் செய்தால் பணம் நகரவே நகராது, பெரும்பாலும் கட்டணமும் குறைவு. எதுவானாலும் வாங்கிய அதே கார்டுக்கே திருப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்தால், அவர் வங்கியில் புகார் செய்து இரண்டாம் முறையும் வாங்கலாம். கொடுத்ததற்கு உங்களிடம் ஆதாரம் இருக்காது.

தகராறு எழுப்பப் பல காரணங்களுக்கு நெட்வொர்க் விதிகள் 120 நாள் தருகின்றன. முன்பணம் வாங்கிப் பிறகு பொருள் கொடுக்கும் தொழிலில், கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து அந்த நாள் எண்ணப்படலாம். அறிவிப்பு வந்ததும் முதலில் பதில் தர வேண்டிய கடைசித் தேதியைப் பாருங்கள், பிறகு காரணத்தைப் படியுங்கள். காரணத்துக்குப் பொருந்தும் ஆதாரம் மட்டும் போதும். ‘பொருள் வரவில்லை’ என்றால் பெற்றுக்கொண்ட கையெழுத்து, பார்சல் அனுப்பிய ரசீது எண். ‘நான் வாங்கவில்லை’ என்றால் சிப் அல்லது பின் பயன்பட்டதைக் காட்டும் ரசீது. ‘தரமில்லை’ என்றால் பில்லில் எழுதிய விவரம், நடந்த உரையாடல், வாங்கும் முன் அவர் பார்த்த திருப்பித்தரும் விதி. மூன்று பக்கக் கோபக் கடிதத்தை யாரும் படிப்பதில்லை. பதிலே அனுப்பாவிட்டால் தோல்வி உறுதி.

தவறு உங்களுடையது என்று தெரிந்தால் தகராறை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தனியாக ரீஃபண்ட் செய்யாதீர்கள். தகராறு வழியாக ஒருமுறை, ரீஃபண்ட் வழியாக ஒருமுறை என்று பணம் இரண்டு தடவை போய்விடும்.

கணக்கு எழுதுவது

வங்கியில் விழுந்த தொகையை அப்படியே விற்பனை என்று எழுதாதீர்கள். 1,000க்கு விற்று 975 வந்தால் விற்பனை 1,000, செலவு 25. வந்ததை மட்டும் எழுதினால் வரிக் கணக்கில் விற்பனை குறைந்து காட்டும், கட்டணச் செலவும் கணக்கில் ஏறாது. தினமும் மெஷின் மொத்தத்தையும் பில் மொத்தத்தையும், வாரம் ஒருமுறை மெஷின் மொத்தத்தையும் வங்கி வரவையும் ஒப்பிடுங்கள். சரிவராவிட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் மூடப்படாத நாள் கணக்கு. தானாக மூடும்படி அமைக்காத மெஷினில் ஒரு நாள் மூட மறந்தால் அந்த நாள் வசூல் அங்கேயே கிடக்கும். அதிக நாள் கிடந்தால் ஒப்புதலே காலாவதியாகும்.

சேவை நிறுவனத்தை மாற்றும்போது, புதிய மெஷின் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகே பழையதை எழுத்து மூலம் நிறுத்துங்கள். மெஷினைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். பழைய விற்பனைப் பட்டியல் முழுவதையும் தரவிறக்கி வையுங்கள், கணக்கு மூடினால் அதைத் திறக்க முடியாமல் போகலாம். பழைய வங்கிக் கணக்கில் கொஞ்சம் பணத்தை விட்டுவைத்து, சில மாதங்கள் மூடாமல் வைத்திருங்கள். கடைசி நாள் போட்ட பில்லுக்கான தகராறு அந்தக் கணக்கைத் தேடித்தான் வரும்.